ஊசி போட்டாச்சு, கை மரத்துப்போச்சா?

ஆத்தங்குடிப் பக்கத்தில் டைல்ஸ் போடும் ஒருவர் கையில் துண்டைச் சுற்றிக்கொண்டு வந்தார். ஆத்தங்குடிக் கல்லின் அந்த வழவழப்பு வருவது கண்ணாடியால். கண்ணாடித் தகட்டின் மேல்தான் சாயக் கலவையை ஊற்றி, அதன் மேல் சிமெண்டும் மணலும் போட்டுக் கல்லை உருவாக்குவார்கள். அப்படி ஒரு கண்ணாடி, துடைத்து எடுக்கும்போது அவர் உள்ளங்கையிலேயே உடைந்துவிட்டது. காயம் பார்வைக்குச் சின்னதுதான். ஆனால் சுண்டுவிரலும் மோதிரவிரலும் மடங்கவில்லை. உள்ளே தசைநாண் அறுந்திருந்தது, தைத்தாக வேண்டும்.

“கை மட்டும் மரத்துப்போக ஊசி போடுறோம். நீங்க முழிச்சே இருக்கலாம்” என்றேன்.

“முழிச்சிருக்கயிலேயே அறுப்பீகளா?” என்றார். நான் பதில் சொல்லிக்கொண்டே அவர் கழுத்தோரம் ஜெல்லைத் தடவி ஸ்கேன் கருவியை வைத்ததும் அடுத்த கேள்வி வந்தது. “வெட்டுப்பட்டது கையில. கழுத்துல எதுக்கு ஸ்கேனு? நான் என்ன மாசமாவா இருக்கேன்?”

நர்ஸ் சிரித்துவிட்டார். ஆனால் கேள்வி நியாயமானது. மயக்க மருத்துவராக இருக்கும் எனக்கு இதே கேள்வி வெவ்வேறு வார்த்தைகளில் மாதம் நாலைந்து முறையாவது வரும். அவருக்கு அன்றைக்கு இரண்டு வரியில் சொன்னதை இங்கே சாவகாசமாகச் சொல்கிறேன்.

வெட்டு கையில், ஊசி கழுத்தோரத்தில்

விரல் நுனியில் தொடங்கும் வலி, மணிக்கட்டு, முழங்கை, அக்குள் என்று ஏறி, காறை எலும்புக்குப் பின்னால் நுழைந்து, கழுத்தருகே தண்டுவடத்தில் சேர்கிறது. கழுத்துப் பகுதியிலிருந்து நான்கு, மார்புப் பகுதியின் தொடக்கத்திலிருந்து ஒன்று என ஐந்து நரம்பு வேர்கள் கிளம்பி, சேர்ந்து, பிரிந்து, மறுபடி சேர்ந்து ஒரு பின்னலாகின்றன. பிராக்கியல் பிளெக்ஸஸ் என்பது மருத்துவப் பெயர். கை நரம்புப் பின்னல் என்று வைத்துக்கொள்வோம். மருத்துவ மாணவர்கள் பரீட்சைக்கு முதல் நாள் ராத்திரி வரைந்து வரைந்து, பரீட்சை முடிந்த மறுநாள் மறந்துபோகும் படம் இது.

பின்னலிலிருந்து இறங்கும் கிளைகளில் மூன்று, விரல்கள் வரை போகின்றன. கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் ஆகியவற்றின் உள்ளங்கைப் பக்கம் மீடியன் நரம்பின் பொறுப்பு. சுண்டுவிரலும் மோதிரவிரலில் பாதியும் அல்நார் நரம்புக்கு. புறங்கையில் கட்டைவிரல் பக்கம் ரேடியல் நரம்புக்கு. நம்முடைய டைல்ஸ்காரருக்கு முக்கியமானது அல்நார். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேலை இருக்கிறது.

அப்படியானால் மணிக்கட்டிலேயே ஊசி போட்டு விடலாமே என்று தோன்றும். சில சின்ன அறுவைகளுக்குப் போடுகிறோம். ஆனால் அறுந்த தசைநாண் ரப்பர் பேண்ட் மாதிரி உள்ளே சுருங்கி ஓடிவிடும். அதைத் தேடி அறுவை மருத்துவர் மேலே போக வேண்டியிருக்கும். ரத்தம் வராமல் இருக்கப் புஜத்தில் இறுக்கமாகக் காற்றுப்பட்டை வேறு கட்டுவார்கள், அது ரத்த அழுத்தத்துக்கும் மேலே நிற்கும் அழுத்தம். ஆக முழுக் கையும் மரக்க வேண்டும். எல்லா நரம்புகளும் நெருக்கமாகச் சேர்ந்து போகும் இடம் காறை எலும்புக்குச் சற்று மேலே. தோலிலிருந்து பெரும்பாலானவர்களுக்கு ஒன்றிரண்டு சென்டிமீட்டர் ஆழம்தான்.

முழு மயக்கம் கொடுத்திருக்கலாமே என்றால், அவர் காலையில் இட்லி சாப்பிட்டுவிட்டு வந்திருந்தார். வயிற்றில் சாப்பாட்டோடு முழு மயக்கம் கொடுத்தால் அது மேலேறி நுரையீரலுக்குள் போகும் ஆபத்து உண்டு. அதற்காகப் பிளாக்குக்கு, அதாவது நரம்பை மட்டும் மரக்க வைக்கும் இந்த ஊசிக்கு, பட்டினி வேண்டாம் என்று நினைத்துவிடாதீர்கள். பிளாக் சரியாகப் பிடிக்காவிட்டால் முழு மயக்கத்துக்குப் போக வேண்டிவரும், அதனால் அவரையும் மாலை வரை காக்க வைத்தோம். காபியாவது கொடுக்கச் சொல்லி அவர் மனைவி மூன்று முறை கேட்டார்.

மருந்தின் வேலை எளியது. நரம்பிழைக்குள் சோடியம் அயனிகள் புகுவதால் மின்துடிப்பு நகர்கிறது, அதுதான் வலியின் செய்தி. லிக்னோகெயின், புபிவகெயின் போன்ற மருந்துகள் சோடியம் புகும் வாசலை அடைத்துவிடுகின்றன. ஆனால் மருந்து போய் நரம்பை நனைத்தால்தான் இது நடக்கும். எத்தனை மில்லி போட்டோம் என்பதைவிட அது எங்கே போனது என்பதுதான் விஷயம். ஸ்கேன் உள்ளே வந்தது அதற்காகத்தான்.

குருட்டு ஊசியிலிருந்து திரைக்கு

காறை எலும்புக்கு மேல் ஊசி குத்தும் முறையை 1911-இல் ஜெர்மனியில் கூலன்காம்ஃப் என்ற மருத்துவர் முதலில் தன் மேலேயே போட்டுப் பார்த்தார். துணிச்சல்தான். ஏனென்றால் அந்த இடத்துக்கு ஒரு பக்கம் பெரிய ரத்தக்குழாய், அடியில் நுரையீரலின் உச்சி. ஊசி கொஞ்சம் வழி தவறினால் நுரையீரலைச் சுற்றிக் காற்றுப் புகுந்துவிடும். அப்போதெல்லாம் ஊசி சரியான இடத்தில் இருப்பதற்கு அடையாளம், நோயாளிக்கு விரல்வரை சுரீர் என்று ஷாக் அடிப்பது. பிறகு வந்தது, ஊசி வழியே மெல்லிய மின்சாரம் அனுப்பி விரல் துள்ளுகிறதா என்று பார்க்கும் முறை. வேலை செய்தது. ஆனாலும் இருட்டில் தடவுகிற வேலைதான்.

1978-இல் லா கிரேஞ்சும் அவரோடு இருந்தவர்களும் டாப்ளர் ஒலியால் ரத்தக்குழாய் எங்கே ஓடுகிறது என்று கண்டுபிடித்து, அதை அடையாளமாக வைத்து ஊசி போட்டார்கள். 1994-இல் வியன்னாவில் காப்ரலும் குழுவினரும் நரம்பையும் பரவும் மருந்தையும் ஸ்கேன் திரையிலேயே பார்த்துப் போட்டதை வெளியிட்டார்கள்.

அதே 1994-இல்தான் நம் நாட்டில் கருவின் பாலினம் பார்ப்பதைத் தடுக்கும் சட்டம் வந்தது. அதன்படி ஸ்கேன் கருவியைப் பதிவு செய்துதான் வைத்திருக்க முடியும். கருவை ஒருநாளும் பார்க்காத, நரம்பு மட்டுமே பார்க்கும் எங்கள் கருவிக்கும் அதேதான். “ஆணா பெண்ணா என்று இங்கே சொல்லப்படமாட்டாது” என்ற பலகைக்குக் கீழே மீசைக்காரர் ஒருவர் கையை நீட்டிப் படுத்திருப்பதைப் பார்த்தால், மாசமா என்று அவர் கேட்டதில் தப்பே இல்லை.

திரையில் தெரிவது என்ன?

மனிதக் காது கேட்கும் எல்லை விநாடிக்கு 20,000 அதிர்வு. நரம்பு பார்க்க நாங்கள் வைக்கும் கருவி அனுப்புவது ஒரு கோடி முதல் ஒன்றரைக் கோடி அதிர்வு வரை. அதிர்வு கூடக் கூடப் படம் நுணுக்கமாகும், ஆனால் ஆழம் குறையும். நல்ல வேளையாக நமக்கு வேண்டிய நரம்பு மேலாகவே இருக்கிறது. இதில் எக்ஸ்ரே மாதிரி கதிர்வீச்சு கிடையாது, வெறும் எதிரொலிதான்.

கருவியைக் காறை எலும்புக்கு மேல் வைத்ததும் முதலில் தெரிவது துடிக்கும் ஒரு கறுப்பு வட்டம். அதுதான் கைக்குப் போகும் பெரிய ரத்தக்குழாய். அதன் கீழே பளிச்சென்று ஒரு வெள்ளைக் கோடும், கோட்டுக்குப் பின்னால் கும்மிருட்டும் இருந்தால் அது முதல் விலா எலும்பு. ஒலி எலும்பைத் தாண்டாது, அதனால் நிழல். பக்கத்திலேயே இன்னொரு வெள்ளைக் கோடு, மூச்சுக்கு மூச்சு மினுமினுத்து வழுக்கும். அது நுரையீரல் உறை. அந்தக் கோட்டின் மேல் ஒரு கண் எப்போதும் இருக்க வேண்டும்.

ரத்தக்குழாயின் தோள் பக்கம், சற்று மேலே, சிறு சிறு கறுப்பு வட்டங்கள் ஒட்டிக்கொண்டு ஒரு கொத்தாக இருக்கும். திராட்சைக் கொத்து என்று பாடத்தில் எழுதியிருக்கிறார்கள். எனக்கு எப்போதும் சின்ன வெங்காயக் கொத்துதான் ஞாபகம் வரும். அதுதான் நரம்புப் பின்னல்.

ஊசியைப் பக்கவாட்டிலிருந்து, ஸ்கேன் ஒளிக்கீற்றுப் போல விழும் தளத்துக்குள்ளேயே நகர்த்தினால், வெள்ளைக் கோடாக நுனிவரை தெரியும். ஒரு மில்லிமீட்டர் சாய்ந்தாலும் நுனி மறைந்துவிடும். புதிதாகக் கற்பவர்கள் செய்யும் பெரிய பிழை இங்கேதான். நுனி தெரியாமலேயே, தெரிகிற தண்டை நுனி என்று நம்பித் தள்ளிக்கொண்டே போவார்கள். ஸ்கேன் இருக்கிறது என்ற தைரியம், ஸ்கேனே இல்லாததைவிட ஆபத்தாக மாறும் இடம் அது.

மருந்து உள்ளே போகும்போது திரையில் கறுப்புக் குளம் ஒன்று விரியும். வெங்காயங்கள் ஒன்றைவிட்டு ஒன்று நகர்ந்து மிதக்கும். பார்க்க அழகாகவே இருக்கும். ஆனால் ஊசிக்குழலை அழுத்துகிறோம், திரையில் குளம் எதுவும் வரவில்லை என்றால்? உடனே நிறுத்த வேண்டும். மருந்து ரத்தக்குழாய்க்குள் போய்க்கொண்டிருக்கலாம். அளவுக்கு மீறி ரத்தத்தில் கலந்தால் உதடு மதமதக்கும், வாயில் உலோகச் சுவை வரும், காது இரையும். முற்றினால் வலிப்பு, இதயத் துடிப்பில் கோளாறு. இதை முறிக்க 20 சதவீதக் கொழுப்புக் கரைசல் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். எதுவும் தெரியாமல் இருப்பதும் ஒரு தகவல் என்பதைச் சொல்லிக்கொடுத்தது இந்தத் திரைதான். இன்னொரு லாபம், முன்பு 30, 40 மில்லி ஊற்றிய இடத்தில் இப்போது அதைவிடக் குறைவாகவே போதுகிறது.

சரி, அல்நார் நரம்புக்கு வருவோம். சுண்டுவிரலுக்குப் போகும் இழைகள் பின்னலின் அடிப்பகுதியில், விலா எலும்பும் ரத்தக்குழாயும் சந்திக்கும் மூலையில் ஒளிந்திருக்கும். எங்கள் பேச்சில் அதற்குக் கார்னர் பாக்கெட் என்று பெயர். மேலே மட்டும் மருந்தை ஊற்றிவிட்டு வந்தால் தோள், புஜம், கட்டைவிரல் எல்லாம் மரத்துப்போகும், சுண்டுவிரல் மட்டும் முழித்துக்கொண்டிருக்கும். டைல்ஸ்காரருக்குத் தையல் விழப்போவதே அங்கேதான். அதனால் அவருக்கு முதல் மருந்தை அந்த மூலையில் வைத்துவிட்டு, பிறகுதான் மேலே வந்தேன்.

ஏன் ஒரே இடத்தில் ஊற்றினால் எல்லா இடத்துக்கும் பரவாது? இதைப் பற்றி ஒரு பழைய வழக்கு உண்டு. நரம்புகளையும் ரத்தக்குழாயையும் சுற்றி ஒரே உறை இருக்கிறது, அது குழாய் மாதிரி, எங்கே ஊற்றினாலும் நிரம்பிவிடும் என்று வெகுகாலம் நம்பினார்கள். 1983-இல் தாம்ப்சன், ரோரி இருவரும் அக்குள் பகுதியை அறுத்தும் சிடி ஸ்கேனில் சாயம் விட்டும் பார்த்து, உறைக்குள் மெல்லிய தடுப்புகள் இருக்கின்றன என்றார்கள்.

இதைப் புரிந்துகொள்ள ஆத்தங்குடிப் பட்டறைக்கே போகலாம். கண்ணாடி மேல் வைக்கும் உலோக அச்சில் பூவுக்கு ஓர் அறை, இலைக்கு ஓர் அறை என்று தகட்டுத் தடுப்பு இருக்கும். பச்சையை எவ்வளவு ஊற்றினாலும் சிவப்பின் அறைக்குள் போகாது. நரம்புக்கும் கிட்டத்தட்ட அப்படித்தான். கிட்டத்தட்ட என்று சொல்லக் காரணம், உடம்பின் தடுப்புகள் அங்கங்கே ஓட்டை விழுந்தவை. கொஞ்சம் கசியும். அதனால்தான் ஒரே ஊசியில் சில பேருக்கு முழுக் கையும் மரத்தது, சில பேருக்கு ஒரு விரல் தப்பித்தது. குருட்டு ஊசிக் காலத்தில் இதைத் தலையெழுத்து என்று விட்டுவிட்டோம்.

தெரிந்தது சரி, மரத்ததா?

இங்கேதான் என் கருத்தைக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஸ்கேன் மருந்தைக் காட்டும். வலியைக் காட்டாது. நரம்பைச் சுற்றி வடை மாதிரி அழகான கறுப்பு வளையம் விழுந்திருந்தாலும் அது நல்ல அறிகுறி, அவ்வளவுதான். அறுவை மருத்துவர் கத்தியை எடுப்பதற்கு முன் நாங்கள் வேறு சாட்சிகளையும் கேட்கிறோம்.

முதல் சாட்சி நோயாளி. ஸ்பிரிட் பஞ்சையோ ஐஸ் கட்டியையோ நான்கு இடங்களில் வைத்துக் கேட்போம். ஆள்காட்டி விரல் நுனி, சுண்டுவிரல் நுனி, கட்டைவிரலுக்குப் பின்னால் புறங்கை, முன்கையின் வெளி ஓரம். நான்கும் நான்கு நரம்பு. சில்லென்று தெரிகிறதா, வெறுமனே தொடுவது மட்டும் தெரிகிறதா? தொடுவது தெரிந்தால் பயப்பட வேண்டியதில்லை. குளிர்ச்சியையும் கூர்மையான வலியையும் கொண்டுபோகும் மெல்லிய இழைகள் பெரும்பாலும் முதலில் அடங்கும், தொடுகையும் அசைவும் பின்னால் அடங்கும். லிக்னோகெயின் என்றால் பத்திருபது நிமிடம், புபிவகெயின் என்றால் இன்னும் கூட. பொறுமை இல்லாதவர்கள் பத்தாவது நிமிடத்தில் “பிளாக் ஃபெயில்” என்று முடிவு கட்டுவதைப் பார்த்திருக்கிறேன். பதினைந்தாவது நிமிடத்தில் கை கல்லாகக் கிடக்கும்.

இரண்டாவது சாட்சி சூடு. ரத்தக்குழாய்களைச் சுருக்கிப் பிடித்திருக்கும் இழைகளும் மெல்லியவையே. அவை அடங்கியதும் குழாய்கள் விரியும், ரத்தம் பாயும், விரல்கள் கதகதப்பாகும். “கை காந்துது டாக்டர்” என்று டைல்ஸ்காரர் ஐந்தாவது நிமிடமே சொன்னார். அகச்சிவப்புக் கேமராவில் இதைப் படமாகவே பார்க்கலாம். தோல் வெளிவிடும் வெப்பத்தைக் கேமரா வாங்கி நிறமாக்குகிறது, உடம்புக்குள் எதையும் அனுப்புவதில்லை. பிளாக்குக்கு முன் நீலமாக இருந்த விரல் நுனிகள் பிறகு மஞ்சளும் சிவப்புமாக மாறும். சில டிகிரி ஏற்றம். ஆள்காட்டி விரல் சிவந்து சுண்டுவிரல் நீலமாகவே இருந்தால், அல்நார் தப்பிவிட்டது என்று நோயாளியைக் கேட்காமலேயே சந்தேகிக்கலாம்.

கேட்க முடியாதபோது இதன் அருமை தெரியும். சின்னக் குழந்தைகள் இருக்கிறார்கள். புதுவயல் அரிசி ஆலைகளுக்கு வடக்கேயிருந்து வேலைக்கு வந்தவர்கள் இருக்கிறார்கள். பெல்ட்டில் கை சிக்கி வந்தவரிடம் அரைகுறை இந்தியில் “டண்டா ஹை?” என்று கேட்டால் பயத்தில் எல்லாவற்றுக்கும் தலையாட்டுவார். விரல் சூடு எந்த மொழியிலும் ஒன்றுதான்.

குறையும் உண்டு. ஏற்கெனவே சூடாக இருக்கும் கை இன்னும் எவ்வளவு சூடாகும்? அக்கினி நட்சத்திரத்தில் காரைக்குடி பஸ் ஸ்டாண்டிலிருந்து நேராக வந்தவரின் விரலும், புண் பழுத்துக் கொதிக்கும் விரலும் கேமராவை ஏமாற்றும். ஏசி அறையில் கொஞ்ச நேரம் இருந்து கை குளிர்ந்த பிறகுதான் வித்தியாசம் தெளிவாகும். கேமரா இல்லாத இடங்களில், விரலில் மாட்டும் ஆக்ஸிஜன் மானியில் ரத்தப் பாய்ச்சலைக் காட்டும் ஓர் எண் இருக்கும். பிளாக் பிடித்ததும் அது ஏறும். கொரோனாவுக்குப் பிறகு வீட்டுக்கு வீடு கிடக்கும் கருவிதான், பலவற்றில் அந்த எண்ணும் இருக்கிறது, யாரும் பார்ப்பதில்லை.

புஜத்தின் உள்பக்கத் தோலுக்கு வரும் ஒரு கிளை மட்டும் இந்தப் பின்னலைச் சேர்ந்ததே இல்லை, மார்பிலிருந்து தனியாக வருகிறது. பிளாக் எவ்வளவு நன்றாகப் பிடித்தாலும் அது அடங்காது. காற்றுப்பட்டை இறுக்கும்போது அங்கே உறைக்கும் என்பதால் தோலடியில் தனியாக ஓர் ஊசி போட்டுவிடுவது என் வழக்கம்.

மூச்சுக்கும் ஒரு ஸ்கேன்

மூச்சிழுக்கும் தசையான உதரவிதானத்தை அசைக்கும் நரம்பு இந்தப் பின்னலுக்குப் பக்கத்து வீட்டுக்காரர். மருந்து அங்கேயும் கசிந்தால் அந்தப் பக்கத்து உதரவிதானம் சில மணி நேரம் அசையாது. கழுத்தில் இன்னும் மேலே போடும் பிளாக்கில் இது எவ்வளவு பேருக்கு நடக்கிறது என்று 1991-இல் அர்மி என்ற மருத்துவரின் குழு ஸ்கேன் வைத்துப் பார்த்தது. பார்த்த அத்தனை பேருக்கும் நடந்திருந்தது! அதுவரை யாருக்கும் பெரிதாகத் தெரியவில்லை, ஏனென்றால் ஆரோக்கியமானவர் மறுபக்கத்தை வைத்துச் சமாளித்துவிடுவார். காறை எலும்புக்கு மேல் போடுவதில் ஆபத்து குறைவு, ஆனால் இல்லாமல் இல்லை.

அதே ஸ்கேன் கருவியை, ஆழமாகப் பார்க்கும் முனையை மாற்றி, விலாவுக்குக் கீழே வைத்தால் வலப்பக்கம் கல்லீரல் வழியாக உதரவிதானம் வெள்ளை வளைகோடாகத் தெரியும். “மூக்கை உறிஞ்சுங்க” என்றால் கோடு துள்ள வேண்டும். துள்ளாமல் கிடந்தாலோ, எதிர்த்திசையில் ஏறினாலோ, மருந்து எங்கே போயிருக்கிறது என்று புரிந்துவிடும். ஐம்பது வருடம் சுருட்டுப் பிடித்து இரண்டு படி ஏறினாலே இளைக்கும் பெரியவருக்கு இந்தச் சோதனையை ஊசிக்கு முன்பே செய்துவிட்டு, அக்குளிலேயே போட்டுவிடுவேன். கொஞ்சம் கூடுதல் நேரமாகும், மூச்சுக்கு வம்பில்லை.

டைல்ஸ்காரருக்கு எதுவும் ஆகவில்லை. முக்கால் மணி நேரம் பச்சைத் துணிக்கு இந்தப் பக்கம் படுத்துக்கொண்டு, எந்த ஊர்ச் செட்டியார் வீட்டில் எந்த டிசைன் கல் கிடக்கிறது என்று எனக்குப் பாடம் எடுத்தார். நடுவில் ஒருமுறை தன் கையைப் பார்த்து “இது யாரு கை?” என்றார். அது எல்லோரும் கேட்பது.

கட்டுப்போட்டு அனுப்பும்போது சொன்னவை: கையைத் தூளியில் தொங்கவிட்டே வைத்திருங்கள். நாளைக் காலைவரைகூட மரத்திருக்கலாம், அதுவரை அந்தக் கை பக்கத்தில் டீ கிளாஸோ அடுப்போ வரக்கூடாது, சுட்டாலும் தெரியாது. மரப்பு இறங்கும் வரை காத்திருக்காமல் ராத்திரியே வலி மாத்திரையைப் போட்டுவிடுங்கள்.

மறுநாள் ஆறரை மணிக்குப் போன் வந்தது. “டாக்டர், கட்டைவிரல் முழிச்சிருச்சு. சுண்டுவிரல் இன்னும் தூங்குது. ரெண்டையும் மடக்கிப் பாக்கட்டுமா?”

“தையல் பிரிஞ்சிரும்ணே, வேண்டவே வேண்டாம்” என்றேன்.